ஐப்பசி மழையும் 6 மில்லிமீட்டர் இடைவெளியும்

அக்டோபர் கடைசி வாரம். வெளியே முதல் அடைமழை. ராத்திரி பதினோரு மணிக்கு லைட்டை அணைச்சுட்டுப் படுத்த பிறகு, பரண் மேல 'கற் கற்'னு ஒரு சத்தம். விடிஞ்சு பார்த்தா அம்மா கொடுத்தனுப்பின முறுக்குப் பையின் ஓரத்தில் ஓட்டை. லேப்டாப் சார்ஜர் வயரில் செம்பு பளிச்சுனு தெரியுது. அடுத்து ரூமில் யாராவது ஒருத்தர் கண்டிப்பா இதைச் சொல்லுவார்: "டேய், எலி மருந்து ஒண்ணு வாங்கிட்டு வாடா."

அந்த வரியை மாத்தத்தான் இந்தக் கட்டுரை. கடைக்குப் போங்க. ஆனா எலி மருந்துக்குப் பதிலா ஒரு மீட்டர் கால் இன்ச் கம்பி வலை, ரெண்டு கிலோ சிமெண்ட், ஒரு பென்சில் வாங்கிட்டு வாங்க. பென்சில் எதுக்குன்னு போகப் போகத் தெரியும்.

ஏன் இந்த மாசத்தில்?

எலித் தடுப்பு பற்றித் தேடினால் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்து, குளிர் கூடும்போது எலிகள் கதகதப்பும் தீனியும் தேடிக் கட்டடத்துக்குள் நுழைகின்றன. அதனால் "செப்டம்பருக்குள் ஓட்டைகளை அடையுங்கள்" என்பது அவர்களுடைய பாடம்.

நம்ம ஊரில் எலியைக் குளிர் விரட்டுவதில்லை, மழை விரட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கிற எலிக்கு இது நம்ம வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த மாதிரி. மழைநீர் வடிகாலில் குடியிருக்கும் பெருச்சாளிக்கும் அதே கதிதான். டெல்டா பக்கம் குறுவை அறுவடையும் இந்தச் சமயத்தில்தான் முடிகிறது, அதனால் வயலில் தீனியும் குறையும். காய்ந்த தரை, கூரை, சாப்பாடு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கணும்னா அது எங்கே இருக்கும்? ஹாஸ்டல், மெஸ், லேப், நம்ம வீட்டு ஸ்டோர் ரூம்.

ஆக, காரணம் வேறயா இருந்தாலும் தேதி கிட்டத்தட்ட ஒண்ணுதான். செப்டம்பரில் செய்ய வேண்டிய வேலை இது. மழை பிடிச்ச பிறகு வெளிச்சுவரில் கலவை பூசினா அது காயாது, வழிஞ்சு போயிடும்.

மருந்து ஏன் கடைசி வழி?

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு குடும்பம் எலித்தொல்லை தாங்காமல் ஆள் கூப்பிட்டு வீட்டுக்குள் மருந்து வைத்தது. இரவு ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கினார்கள். இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். எல்லா வீட்டிலும் எலி வருகிற அதே மழை மாதம்தான் அது.

எலி மருந்துன்னு பொதுவா சொன்னாலும், அதுக்குள்ள வேதியியல் வேற வேற. துத்தநாக பாஸ்பைடு, வயிற்று அமிலத்துடன் சேர்ந்து பாஸ்பைன் வாயுவை வெளியிட்டுக் கொல்கிறது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு வயிறுகூட வேண்டாம், காற்றிலுள்ள ஈரமே போதும். தானியக் கிடங்கில் பயிற்சி பெற்றவர்கள் மூடி வைத்துப் பயன்படுத்த வேண்டிய பொருள் அது. மனிதர் தூங்கும் அறையில் அதுக்கு எந்த வேலையும் இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் இன்னும் கொடியது. உடம்புக்குள் போனபின் ஓரிரு நாள் ஆள் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும், அதுக்கப்புறம் கல்லீரல் செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. எத்தனையோ இளம் உயிர்கள் போன பிறகு தமிழ்நாட்டில் அந்தப் பேஸ்டுக்குத் தடை வந்தது.

கேக் வடிவில் வருகிற மருந்துகள் பெரும்பாலும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. இவற்றுக்கு வைட்டமின் கே மாற்று மருந்தாக இருக்கிறது. ஆனால் எலி சாகச் சில நாட்கள் ஆகும். அது எங்கே போய்ச் சாகும் என்பது நம்ம கையில் இல்லை. செத்த எலியைத் தின்கிற பூனை, ஆந்தைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும்.

எங்க ஹாஸ்டலில் போன வருஷம் இதுதான் நடந்தது. மூணாவது மாடியில் எலி. கேக் வைத்தார்கள். நாலு நாளில் சத்தம் நின்றது. ஆறாம் நாள் ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து நாற்றம். ரெண்டு ரூம் காலி பண்ணி, சீலிங் பலகையைக் கழற்றி எடுத்தார்கள். மூணு வாரம் கழிச்சு அதே இடத்தில் அதே சத்தம். கடைசியில் பிளம்பர் அண்ணா டார்ச் அடிச்சுப் பார்த்து ஒரே நிமிஷத்தில் காட்டினார். குளியலறை டக்டிலிருந்து உள்ளே வரும் பைப்பைச் சுற்றி அடைக்காமல் விட்ட இடைவெளி. எலி செத்தாலும் வழி சாகலையே. காலியான இடத்துக்கு அடுத்த எலி வந்துவிட்டது.

கணக்காகவும் பார்க்கலாம். எலியின் கர்ப்பகாலம் சுமார் மூன்று வாரம். ஒரு ஈட்டில் ஆறு, ஏழு குட்டி சாதாரணம். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாங்களே குட்டி போடும். மாசத்துக்கு நாலு எலி கொல்கிறோம்னு வைங்க. உள்ளே ஒரு தாய் எலி இருந்து வெளியிலிருந்தும் வரத்து இருந்தா, நாம ஓடுவது டிரெட்மில்லில்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களுக்கு இது நல்லாவே புரியும்: திறந்து கிடக்கிற போர்ட்டை மூடாமல் வைரஸை மட்டும் டெலீட் பண்ணிக்கிட்டே இருக்கிற கதை.

வந்திருப்பது யார்?

டிசைனுக்கு முன்னாடி ஸ்பெசிஃபிகேஷன் வேணும். நம்ம கட்டடங்களில் அடிக்கடி வருகிறவர்கள் நாலு பேர்.

சுண்டெலி: மிகச் சின்னது. எச்சம் 3 முதல் 6 மில்லிமீட்டர், கருப்பு அரிசிக் குருணை மாதிரி சிதறிக் கிடக்கும். துணி அலமாரி, புத்தகப் பெட்டி, மேசை டிராயரில் கூடு கட்டும். புதுப் பொருளை ஆர்வமாகப் போய்ப் பார்க்கும்.

வீட்டு எலி: உடம்பைவிட நீளமான வால். ஏறுவதில் கில்லாடி. பைப், கேபிள், மரக்கிளை, சொரசொரப்பான சுவர் எல்லாம் அதுக்குப் படிக்கட்டு. பரணிலும் சீலிங்கிலும் சத்தம் கேட்டா முதல் சந்தேகம் இதன் மேல்தான். எச்சம் சுமார் 12 மில்லிமீட்டர்.

பெருச்சாளி: தடித்த உடம்பு, தரையோடு வேலை. வடிகால், அஸ்திவாரம், காம்பவுண்டுச் சுவரின் அடியில் தோண்டும். மண் குவியல் தெரிந்தால் இவர்தான். தரை உள்வாங்குவதற்கும் நடைபாதைக் கல் சரிவதற்கும் இவர் பங்கு உண்டு.

மூஞ்சூறு: நீண்ட மூக்கு, குட்டிக் கண், ஒரு மாதிரி வாடை, சுவரோரமாகக் 'கீச் கீச்' சத்தம். பிள்ளையாரோட சேர்த்து நாம் எலிக் கணக்கில் வைத்திருந்தாலும், இது கொறிக்கும் விலங்கே இல்லை. கரப்பான், பூச்சி தின்னும். வயர் கடிக்காது. இதைப் பார்த்துட்டு எலி மருந்து வைக்க ஓடாதீங்க.

இன்னொரு குழப்பமும் உண்டு. சுவரோரம் கிடக்கிற கருப்பு எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது பல்லி. எலி எச்சத்தில் அந்த வெள்ளை இருக்காது.

பென்சில் கணக்கு

இப்போ பென்சிலை எடுங்க. அதன் தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர். பென்சில் நுழைகிற ஓட்டையில் சுண்டெலியும் நுழையும். பாதுகாப்பான டிசைன் அளவு 6 மில்லிமீட்டர், அதாவது கால் இன்ச். இளம் எலிக்கு 12 மில்லிமீட்டர், அதாவது அரை இன்ச் போதும். "எலிக்கு எலும்பே இல்லை, மடங்கிடும்"னு சொல்லுவாங்க. அது கட்டுக்கதை. எலும்பு இருக்கு. ஆனால் மண்டையோடு சின்னது, தோள் குறுகியது. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், அவ்வளவுதான்.

எங்க ஹாஸ்டல் பைப்புக்கு வருவோம். சுவரில் துளை 110 மில்லிமீட்டர். பைப்பின் வெளி விட்டம் 75. பைப் சரியாக நடுவில் இருந்தால் சுற்றிலும் (110 − 75) ÷ 2 = 17.5 மில்லிமீட்டர் இடைவெளி. ஆனால் பைப் நடுவிலா நிற்கும்? கீழே படுத்துக்கொள்ளும். அப்போ மேலே 35 மில்லிமீட்டர். இரண்டு கணக்கிலும் எலிக்கு வாசல் திறந்தே இருக்கு. வரைபடத்தில் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டமாக அழகா தெரிகிற இடம், சைட்டில் ஒரு எலி வாசல்.

பல்லுக்கு எதிராக என்ன பொருள்?

அளவு தெரிந்தால் மட்டும் போதாது, பொருளும் சரியா இருக்கணும். எலியின் முன் வெட்டுப்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல். கடித்துத் தேய்க்காமல் விட்டால் அதனால் வாயை மூட முடியாது. பல்லின் முன்பக்கம் இரும்பு கலந்த கடின எனாமல், அதனால்தான் ஆரஞ்சு நிறம். பின்பக்கம் மென்மையான டென்டின். பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால் முனை எப்போதும் உளி மாதிரி கூராகவே இருக்கும். தன்னைத்தானே தீட்டிக்கொள்ளும் கருவி. மெக்கானிக்கல் ஆட்கள் எழுந்து நின்னு கைதட்டலாம்.

மோஸ் கடினத்தன்மை அளவில் பல் எனாமல் சுமார் 5. செம்பு 3. அலுமினியம் அதைவிடக் கொஞ்சம் கீழே. பி.வி.சி., மரம், ரப்பர், தெர்மாகோல் எல்லாம் கணக்கிலேயே வராது. இதை வைத்துக் கடையில் கிடைக்கும் பொருட்களைப் பிரித்துவிடலாம்.

வேலைக்கு ஆகாதவை: பி.யு. ஃபோம் ஸ்ப்ரே (காற்றை அடைக்கும், எலியை அடைக்காது), துணிப் பந்து, நியூஸ்பேப்பர், மரத்தூள் பசை, பிளாஸ்டிக் கொசுவலை, தனியாகப் பூசிய ஒயிட் சிமெண்ட். கோழி வலையின் கண் பெரியது, சுண்டெலி அப்படியே நடந்து போகும்.

வேலைக்கு ஆகுபவை: 6 மில்லிமீட்டர் கண் உள்ள ஜி.ஐ. வெல்டட் மெஷ், ஜி.ஐ. தகடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஜாலி, 1:3 சிமெண்ட் கலவை. பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைத் திணித்தாலும் எலி பின்வாங்கும், ஆனால் சாதாரண இரும்பு நார் கடலோர ஊரில் சீக்கிரம் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். துருப்பிடிக்காத வகையாக வாங்குங்க. பழைய கொத்தனார்கள் கலவையில் கண்ணாடிச் சில்லு சேர்த்து எலி வளையை அடைப்பார்கள். அது வெறும் நம்பிக்கை இல்லை, பொருளறிவு. கண்ணாடி எனாமலைவிடக் கடினமானது, தோண்டுகிற காலையும் குத்தும். ஆனால் கையுறை போட்டுக்கொண்டுதான் செய்யணும், செருப்பில்லாமல் நடக்கிற இடத்தில் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, ஈ.இ.இ. நண்பர்களுக்கு நல்லாவே தெரிஞ்சது: ஸ்டீல் நாரும் கம்பி வலையும் மின்சாரம் கடத்தும். சுவிட்ச்போர்டு, டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ், பேனல் பக்கத்தில் இவற்றைத் திணிக்கவே கூடாது. அங்கே கேபிள் நுழையும் துளைக்குக் கேபிள் கிளாண்டும், மீதித் துளைக்கு உலோகத் தட்டும் போடணும். அந்த வேலையை மெயின் ஆஃப் பண்ணி எலக்ட்ரீஷியன்தான் செய்யணும்.

தேடும் வேலை

வயல் எலி பிடிப்பதில் தலைமுறை அனுபவம் உள்ள இருளர்கள் ஒரு வளையைப் பார்த்ததும் தோண்ட ஆரம்பிப்பதில்லை. முதலில் அதன் மற்ற வாய்களைத் தேடுவார்கள். ஒரு வழியை மட்டும் கவனித்தால் எலி இன்னொரு வழியாகப் போய்விடும் என்று தெரியும். கட்டடத்துக்கும் அதே பாடம். பத்து ஓட்டையில் ஒன்பதை அடைத்தால் 90 சதவீத வெற்றி கிடையாது. எல்லாப் போக்குவரத்தும் பத்தாவது வழியாக நடக்கும்.

அதனால் முதல் நாள் எதையும் அடைக்காதீங்க. டார்ச், பென்சில், சாக்பீஸ், கட்டடத்தின் ஒரு தோராய வரைபடம் எடுத்துக்கிட்டு வெளியிலிருந்து உள்ளே சுத்தி வாங்க. பென்சில் நுழைகிற ஒவ்வொரு இடத்தையும் குறிங்க. பெரும்பாலும் இந்த இடங்களில்தான் இருக்கும்:

1. கதவடி. மெஸ் பின்கதவு, லேப் ஷட்டர், பாத்ரூம் கதவு. கதவைச் சாத்திவிட்டு உள்ளே லைட்டை அணைத்துப் பாருங்க. கீழே வெளிச்சக் கோடு தெரிந்தால் சந்தேகம், பென்சிலும் நுழைந்தால் உறுதி.

2. பைப் நுழையும் இடம். சிங்க் அடியில், டக்ட் பக்கம், கேஸ் குழாய், வாஷிங் மெஷின் அவுட்லெட்.

3. ஸ்பிளிட் ஏ.சி. துளை. செம்புக் குழாய் போகிற ஓட்டையை ஃபோமாலோ புட்டியாலோ மூடிவிட்டுப் போயிருப்பார்கள், சில இடத்தில் மூடியே இருக்க மாட்டார்கள்.

4. தரை வடிகால். குளியலறையில் ஜாலி உடைஞ்சிருக்கா, கழன்றிருக்கா? வெளியே சாக்கடைச் சேம்பர் மூடி விரிசலா?

5. எக்ஸாஸ்ட் ஃபேன், வென்டிலேட்டர். ஃபேன் ஓடும்போது எலி வராது. ராத்திரி நின்ற பிறகு வரும்.

6. கூரை விளிம்பு. ஓட்டுக் கட்டடம், ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், ஷீட்டின் அலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஒர்க்‌ஷாப்பில் இது கட்டாயம் இருக்கும்.

7. மரக்கிளை, கொடிக்கயிறு, கேபிள். வேப்பமரக் கிளை மொட்டை மாடியைத் தொடுகிறதா? எலி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரம் தாண்டும். கிளையை அதுக்கு மேலேயே தள்ளி வெட்டணும்.

எலி கண்ணை நம்பி ஓடுவதில்லை, மீசையும் ரோமமும் சுவரை உரச ஓரமாகவே ஓடும். தினமும் ஓடின பாதையில் கருப்பாக எண்ணெய்க் கறை படிந்திருக்கும். அந்தக் கறையைப் பின்தொடருங்க, அது வாசலுக்கே கூட்டிட்டுப் போகும். சந்தேகமான ஓட்டைக்கு முன்னால் ராத்திரி கோலமாவைப் பரப்பி வைத்தால் காலையில் காலடித் தடம் தெரியும். ஓட்டையில் பேப்பரை லேசாகத் திணித்து வைக்கிற சோதனையும் உண்டு: இரண்டு நாளில் பேப்பர் வெளியே கிடந்தால் அது ஓடுகிற வழி.

அடைக்கும் வேலை

இரண்டாம் வாரம் அடைப்பு. கதவடிக்கு ஜி.ஐ. தகட்டை 10 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி, தரைக்கும் அதுக்கும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல் திருகு போடுங்க. வெறும் ரப்பர் ஸ்ட்ரிப் வைத்தால் ஒரு வாரத்தில் மூலையில் பல் தடம் பார்க்கலாம். தரை மேடுபள்ளமாக இருந்தால் கதவைத் தொடுவதைவிட வாசற்படியைச் சமன்படுத்துவது நல்லது.

பைப் இடைவெளிக்கு: வலையை வெட்டிச் சுருட்டி உள்ளே நெருக்கமாகத் திணிங்க. அதன் மேல் 1:3 கலவையைப் பூசுங்க. வலை இல்லாமல் வெறும் கலவை பூசினால், இறுகுவதற்கு முன்னாலேயே அன்று ராத்திரி எலி தோண்டிவிடும். உள்ளே இருக்கிற வலைதான் காவலாளி, கலவை அதைப் பிடித்துக்கொள்ளும் சட்டகம்.

காற்று போகிற வழியையும் தண்ணி போகிற வழியையும் சிமெண்ட் வைத்து மூடாதீங்க. வென்டிலேட்டரை மூடினால் அறையில் புழுக்கம், கேஸ் இருக்கிற சமையலறையில் ஆபத்து. மழைநீர்க் குழாயை மூடினால் மொட்டை மாடி குளம். அங்கெல்லாம் 6 மில்லிமீட்டர் வலையைச் சட்டம் போட்டுத் திருகுங்க. சுத்தம் பண்ணக் கழற்ற முடியணும், இல்லைன்னா குப்பை அடைச்சு அடுத்த வருஷம் யாராவது பிய்ச்சு எறிஞ்சுடுவாங்க.

எலி ஏறுகிற வெளிப் பைப்பில் கூம்பு மாதிரி தகட்டை, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டலாம். வழுவழுப்பான உலோகத்தில் நகம் பிடிக்காது.

உள்ளே மாட்டிக்கிட்டவர்கள்

எல்லா வழியையும் ஒரே நாளில் மூடினால் உள்ளே இருப்பது உள்ளேயே மாட்டும். அதனால் அதிகமாக ஓடுகிற ஒரு வழியைக் கடைசிக்கு விட்டுவைத்து, அந்த வாரம் முழுக்கப் பொறி வைங்க. கோலமாவில் தொடர்ந்து மூணு நாள் தடம் இல்லைன்னா கடைசி வழியையும் மூடுங்க.

வீட்டு எலிக்குப் புதுப் பொருள் என்றாலே பயம். நேற்றுவரை இல்லாத பொறியை இன்று தொடாது. "எங்க வீட்டு எலி ரொம்ப புத்திசாலி"ன்னு சொல்றதில் பாதி இந்தப் பயம்தான். மூணு நாள் பொறியை இழுக்காமல், தீனியை மட்டும் வைத்துப் பழக்குங்க. நாலாம் நாள் இழுத்து வைங்க. அறை நடுவில் வைக்காதீங்க, சுவருக்குச் செங்குத்தாக, வாய் சுவர்ப் பக்கம் பார்க்க வைங்க. மசால் வடைக்கு ஒரு குறையும் இல்லை. சுட்ட தேங்காய்ச் சில்லு, வறுத்த நிலக்கடலையும் நன்றாக வேலை செய்யும். ஒட்டுப் பலகை மட்டும் வேண்டாம், அதில் சிக்கின உயிர் மணிக்கணக்கில் துடிக்கும். வேகமாக அடிக்கிற ஸ்பிரிங் பொறி அதைவிடக் கருணையானது.

அல்ட்ராசோனிக் கருவி கேட்கிறீங்களா? பிளக்கில் மாட்டினதும் சில நாள் பலன் தெரியலாம். பிறகு எலி பழகிக்கொள்ளும். அந்த ஒலி சுவரையோ பெட்டியையோ ஊடுருவவும் செய்யாது. அந்தக் காசுக்கு வலை வாங்குங்க.

சுத்தம் பண்ணும்போது

எச்சத்தையும் சிறுநீர்க் கறையையும் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீங்க, தூசி மூக்குக்குள் போகும். ஜன்னலைத் திறந்து வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணியைத் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்க.

மழைக்கால எலியில் பெரிய ஆபத்து கடியில் இல்லை, சிறுநீரில் இருக்கு. லெப்டோஸ்பைரா என்கிற பாக்டீரியா எலியின் சிறுநீரில் வெளியேறித் தேங்கின தண்ணியில் கலக்கிறது. காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் அது வழியாக உள்ளே போகும். அதுதான் எலிக்காய்ச்சல். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். நேரத்தில் கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்தலாம். அதனால் வெள்ளத் தண்ணியில் நடந்து ரெண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமாலோட நிறுத்தாதீங்க. டாக்டரிடம் போய் "தேங்கின தண்ணியில நடந்தேன்"னு நீங்களே சொல்லுங்க. அந்த ஒரு வரி அவருக்கு வழிகாட்டும்.

எலி இருக்கிற இடத்துக்கு அதைத் தேடிச் சாரைப்பாம்பும் நல்ல பாம்பும் வரும். கதவடித் தகடு அதையும் சேர்த்தே தடுக்கிறது.

தீனி

ஒரு சுண்டெலிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3 கிராம் சாப்பாடு போதும். கட்டில் அடியில் சிந்தின மிக்சர் அதுக்கு ஒரு நாள் விருந்து. அதனால் ஹாஸ்டல் ரூமில் தின்பண்டம் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் இருக்கணும், பிளாஸ்டிக் கவர் எலிக்கு வெறும் ரேப்பர். மெஸ் எச்சில் தொட்டி மூடியோடு, அன்றன்றைக்குக் காலியாகணும். பைக்கை வாரக்கணக்கில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் சீட்டுக்கு அடியில் பிஸ்கட் பாக்கெட் வைத்துவிட்டுப் போகாதீங்க. திரும்பி வரும்போது ஒயரிங் இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்க பிளாக்கில் அந்தப் பைப் ஓட்டையைப் பார்த்த பிறகு ஆறு பேர் சேர்ந்து ஒரு ஞாயிறு காலை பென்சிலோடு சுற்றினோம். மதியத்துக்குள் 43 குறி. வரைபடத்தில் எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அளவும் பொருளும் எழுதி, ஒரு பக்கக் கடிதத்தோடு ஹாஸ்டல் அலுவலகத்தில் கொடுத்தோம். "எலித்தொல்லை தாங்கலை"ன்னு எழுதின பழைய கடிதங்களுக்குப் பதிலா ஒரு கேக் பாக்கெட் வந்தது. எண்ணும் அளவும் போட்ட இந்தக் கடிதத்துக்குக் கொத்தனாரும் பிளம்பரும் வந்தார்கள். மூணு நாள் வேலை. அந்த நவம்பரில் ஒரு தடவை மட்டும் எலி வந்தது, யாரோ பின்கதவைச் செங்கல் வைத்துத் திறந்து விட்டுப் போன ராத்திரி. எந்த டிசைனும் திறந்த கதவுக்குப் பதில் சொல்லாது. அதையும் கடிதத்தில் சேர்த்திருக்கிறோம்.

இந்த இதழ் உங்க கைக்கு வரும்போது மழைக்கு இன்னும் சில வாரம் இருக்கும். உங்க பிளாக்கிலும், ஊருக்குப் போகும்போது உங்க வீட்டிலும், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதுக்கு ஒதுக்குங்க. வீட்டில் எலி மருந்து இருந்தால், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுன்னா முக்கியமா, அதை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சுருள் கம்பி வலையை வைங்க. அம்மா "எதுக்குடா இது?"ன்னு கேட்டா, பென்சிலை எடுத்து ஸ்டோர் ரூம் கதவடியில் விட்டுக் காட்டுங்க.